நம் பாடங்களின் சாவி யார் கையில்?



2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு, விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழக்கமாக அளித்துவந்த ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. தனியே பதிவு செய்துகொண்டோ பணம் கட்டியோ சிறிது காலம் பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் பெறலாம். அதற்குப் பிறகு அதுவும் இல்லை. விண்டோஸ் 11-க்கு மாறிக்கொள்ளலாமே என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். அஃதாவது, 2017-க்கு முன் செய்யப்பட்ட கணினிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அங்கே இடமில்லை.

தமிழ்ப்பள்ளிகளின் கணினிக்கூடங்களை ஒருமுறை எட்டிப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கிவிடும். எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு ஒரு கணினி விற்பனையாளர் வந்திருந்தார். கூடத்திலிருந்த 18 கணினிகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் இனிமேல் ஆகாது சார், மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்” என்று தலைமையாசிரியரிடம் சொன்னார். கணினி ஒன்றுக்கு 2,000 ரிங்கிட் என்று வைத்தாலும் 36,000 ரிங்கிட்! தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் தாய்மாரும் கனவுந்து ஓட்டும் தந்தையரும் நன்கொடை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கடைகடையாய் ஏறி இறங்கித் திரட்ட வேண்டிய தொகை அது. அந்தக் கணினிகளுக்கு என்ன நோய் என்று கேட்டேன். திரை தெரிகிறது, விசைப்பலகை வேலை செய்கிறது, மாணவர்கள் தட்டெழுதுகிறார்கள். பழுது ஒன்றுமில்லை. காலம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். யாருடைய காலம்?

விற்பனையாளர் முழுப்பொய் சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாதுகாப்புப் புதுப்பிப்பு இல்லாத கணினியை இணையத்தில் இணைத்துப் பிள்ளைகளின் கையில் கொடுப்பது தவறு. ஆனால், ‘தூக்கிப் போடு’ என்பதற்கும் ‘அப்படியே வைத்திரு’ என்பதற்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அந்த மூன்றாவது வழிதான் லினக்ஸ் முதலிய கட்டற்ற திறமூல மென்பொருள். அதை விற்றால் அவருக்கு என்ன கிடைக்கும்?

காசு மிச்சமாகும் என்பதற்காக மட்டும் நான் இதை எழுதவில்லை. காசு இதில் சிறிய பகுதிதான். பெரிய பகுதி, நாம் ஆண்டுக்கணக்கில் உருவாக்கும் பாடங்களும் பயிற்சித்தாள்களும் யாருக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கின்றன என்பது.

பயிற்றுத்துணைப் பொருள்களை வைக்கப் பள்ளிக்கு ஓர் அலமாரி வாங்குகிறோம். விற்றவர், “அலமாரி உங்களுடையது, சாவி மட்டும் என்னிடம் இருக்கும்” என்கிறார். ஒப்புக்கொள்வோமா? தனியுடைமை மென்பொருளில் நாம் நாள்தோறும் ஒப்புக்கொள்வது இதைத்தான். அதன் மூலநிரல் நிறுவனத்திடம் இருக்கிறது. கோப்பு எந்த வடிவில் சேமிக்கப்படுகிறது என்பதையும், எத்தனை ஆண்டு அதைத் திறக்கலாம் என்பதையும் நிறுவனமே முடிவு செய்யும். திறமூல மென்பொருளில் மூலநிரல் எல்லார் முன்னும் விரித்து வைக்கப்பட்டுள்ளது. படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம். செய்தவர் கடையை மூடினாலும் இன்னொருவர் திறந்துகொள்ளலாம்.

இது வெறும் கொள்கைப் பேச்சு என்று நினைப்பவர்களுக்காக ஒரு பிஸ்கட் தகரத்தின் கதையைச் சொல்கிறேன்.

பிஸ்கட் தகரத்தில் பன்னிரண்டு ஆண்டு உழைப்பு

எங்கள் மாவட்டத்தில் பணி ஓய்வு பெற்ற மூத்த ஆசிரியர் ஒருவர், பழைய பிஸ்கட் தகரம் ஒன்று நிறைய வட்டுகளை என்னிடம் ஒப்படைத்தார். 1996 தொடங்கி 2008 வரை அவர் தம் கையால் தட்டெழுதிய பயிற்சித்தாள்கள்: இணைமொழி, இரட்டைக்கிளவி, மரபுத்தொடர், கருத்துணர்தல், யூ.பி.எஸ்.ஆர். மாதிரித் தேர்வுத்தாள்கள். அந்தத் தேர்வு 2021-இல் அகற்றப்பட்டுவிட்டது உண்மைதான். ஆனால், இரட்டைக்கிளவி அகற்றப்படவில்லையே! நான்காம் ஆண்டு மாணவனுக்கு ‘சலசல’வும் ‘கலகல’வும் விளங்கும்படி அவர் அமைத்த பயிற்சிகளைப் போல் இன்று கடையில் விற்கும் எந்தப் பயிற்சி நூலிலும் நான் பார்க்கவில்லை.

கோப்புகளைத் திறந்தால் தமிழ் இல்லை. திரை முழுதும் ரோமன் எழுத்துகளும், தலையில் கொம்பும் காலில் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளும்தான் நிறைந்திருந்தன.

காரணத்தை இளைய ஆசிரியர்கள் அறிந்துகொள்ள வேண்டும். அந்நாளில் பெரும்பாலான தமிழ் எழுத்துருக்கள், ரோமன் எழுத்துகளுக்கும் பிற குறிகளுக்கும் உரிய எண்களில் தமிழ் வடிவங்களைக் குடியேற்றி வைத்திருந்தன. கணினிக்கு அது தமிழ் என்றே தெரியாது. ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் ‘க’ இருந்த இடத்தில் இன்னொரு நிறுவனத்தின் எழுத்துருவில் ‘ழு’ இருக்கும். அந்த எழுத்துரு கையில் இருக்கும்வரை தமிழ், இல்லாவிட்டால் குப்பை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் தமிழ் ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியாகவே கூடிப் பேசி டிஸ்கி என்னும் பொதுக்குறியீட்டை வகுத்தார்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறியில் தமிழ் 1991-இலேயே இடம்பெற்றிருந்தாலும், சாதாரணக் கணினிகளில் அது ஒழுங்காகத் தெரியத் தொடங்கியது விண்டோஸ் 2000, எக்ஸ்பி காலத்துக்குப் பிறகே.

அந்த மூத்த ஆசிரியர் பயன்படுத்திய மென்பொருள் இவற்றில் எதையும் பின்பற்றவில்லை. தனக்கென ஒரு குறியீடு வைத்திருந்தது. போதாக்குறைக்கு அது ஒரு வன்பூட்டோடு வந்தது. அச்சுப்பொறி செருகுமிடத்தில் அந்தச் சிறு பெட்டியைச் செருகினால்தான் மென்பொருள் திறக்கும். செய்த நிறுவனம் இன்று இல்லை. அந்தச் செருகுமிடமும் இன்றைய கணினிகளில் இல்லை. பெட்டியை மட்டும் ஆசிரியர் பத்திரமாக வைத்திருக்கிறார், தாலி போல!

சுரதாவின் ‘பொங்குதமிழ்’ போன்ற எழுத்துரு மாற்றிகளில் போட்டுப் பார்த்தேன். அறியப்பட்ட பல குறியீடுகளை அவை நொடியில் மாற்றித் தருகின்றன. தமிழ் இணையத்தின் பழைய எழுத்துகள் பல இன்று படிக்கக் கிடைப்பதே அத்தகைய கருவிகளின் புண்ணியம். ஆனால், இந்த எழுத்துருவுக்கான அட்டவணை அவற்றில் இல்லை. கடைசியில் உதவியது ஒரு திறமூல நிரல். ‘ஓப்பன் தமிழ்’ என்னும் நிரல் தொகுப்பில் பழைய குறியீடுகளை ஒருங்குறிக்கு மாற்றும் பகுதி இருக்கிறது. அம்மூத்த ஆசிரியரிடம் படித்து இன்று நிரலாளராக இருக்கும் மாணவர் ஒருவர் அதைப் பிரித்துப் பார்த்து, எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாய் ஒப்பிட்டு, இந்த எழுத்துருவுக்கும் ஓர் அட்டவணையைத் தாமே சேர்த்தார். ஒப்பிடுவதற்கு ஆசிரியரிடம் பழைய அச்சுப்படிகள் சில இருந்தன. இரண்டு வாரக் கடைசிகள் ஆயின. கோப்புகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு மீண்டது. படிக்க முடியாமல் பூஞ்சை பிடித்த வட்டுகள் போனவை போனவைதாம்.

ஒரு கேள்வி. அந்த நிரலும் பூட்டிய பெட்டியாக இருந்திருந்தால் அம்மாணவர் எதைப் பிரித்துப் பார்த்திருப்பார்?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நான் தமிழ் மென்பொருள் நிறுவனங்களுக்கு எதிரி அல்லன். நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1980-களில் தொடங்கி வளர்த்த முரசு அஞ்சல் இல்லாவிட்டால் மலேசியாவிலும் சிங்கையிலும் எத்தனை ஆசிரியர்கள் கணினியில் தமிழைத் தொட்டிருப்பார்கள்? அதுவும் தனியுடைமை மென்பொருள்தான். உழைத்தவர் கூலி கேட்பது நியாயம். கொடுப்பது நம் கடமை. நகல் குறுவட்டு வாங்கித் தமிழ் வளர்த்தோம் என்று பெருமை பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. என் சண்டை விலையோடு அன்று, பூட்டோடு. கருவி தனியுடைமையாக இருக்கலாம், ஆனால் அதில் நான் எழுதிய எழுத்து ஒருங்குறியில், எவரும் திறக்கக்கூடிய வடிவில் வெளியே வர வேண்டும். அது வந்தால், கருவியை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். வராவிட்டால், அது கருவி அன்று, கண்ணி.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு

“இப்போது எல்லாமே இலவசமாகத்தானே கிடைக்கிறது, பிறகு எதற்கு இந்தக் கூச்சல்?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இலவசத்தின் வரலாற்றையும் கொஞ்சம் பார்ப்போம்.

கூகுள் நிறுவனம் கல்விக்கூடங்களுக்கு வரம்பில்லாச் சேமிப்பிடம் தந்துகொண்டிருந்தது. ஆசிரியர்கள் படங்களையும் காணொலிகளையும் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 2021-இல் வரம்பு அறிவிக்கப்பட்டது. இலவசத் திட்டத்தில் ஒரு கல்வி அமைப்புக்கு மொத்தம் 100 டெராபைட் என்ற பொது ஒதுக்கீடு 2022 முதல் நடைமுறைக்கு வந்தது. நிறுவனம் செய்தது சட்டப்படி சரி. அவர்கள் வீட்டுத் திண்ணை, எப்போது வேண்டுமானாலும் எழுந்திருக்கச் சொல்லலாம். நாம்தான் திண்ணையைச் சொந்த வீடு என்று நினைத்துக்கொண்டோம்.

ஃபிராக் மெய்நிகர் கற்றல் தளத்தை நினைவிருக்கிறதா? 2011-இல் கையெழுத்தான ஒன் பெஸ்தாரிநெட் திட்டத்தின் பகுதியாக நாடெங்கும் ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்கு வந்த தளம் அது. 2019 சூன் மாத இறுதியோடு கல்வி அமைச்சு அதன் பயன்பாட்டை முடித்துக்கொண்டு கூகுள் வகுப்பறைக்கு மாறியது. 2020-இல் டெலிமா வந்தது. தளங்கள் வரும், போகும். அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால், தளம் போகும்போது அதற்குள் ஓர் ஆசிரியர் உருவாக்கிய பாடம் எந்த வடிவில் வெளியே வரும் என்பதை, தளம் வரும்போதே கேட்க வேண்டும். நாம் கேட்பதில்லை. பயிலரங்கில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று மட்டும் எழுதிக்கொண்டு வருகிறோம்.

ஃபிளாஷ் கதையும் அதுவே. கணிதம், அறிவியலை ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் 2003-இல் வந்தபோது பள்ளிகளுக்கு மடிக்கணினியும் ஒளிவீச்சியும் வந்தன. அந்தக் காலத்தில் ஊடாடும் பாடமென்றால் ஃபிளாஷ்தான். தமிழ் ஆசிரியர்களும் அதைக் கற்று அசையும் கதைகளும் சொல் விளையாட்டுகளும் செய்தார்கள். 2020 திசம்பர் 31-ஆம் நாளோடு அடோபி நிறுவனம் ஃபிளாஷுக்கு மூடுவிழா நடத்தியது. பழைய ஃபிளாஷ் கோப்புகள் பலவற்றை இன்று உலாவியில் இயக்கிக் காட்டுவது ரஃபிள் என்னும் திறமூலக் கருவி. நிறுவனம் கைவிட்ட குழந்தையை ஊரார் எடுத்து வளர்ப்பது போல.

இதற்கு நேர்மாறாக நடந்த ஒன்றையும் சொல்கிறேன். ஓப்பன் ஆபிஸ் என்னும் திறமூல அலுவலகத் தொகுப்பு சன் நிறுவனத்தின் ஆதரவில் வளர்ந்தது. 2010-இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. ஓப்பன் ஆபிஸின் கதி என்னாகுமோ என்று அஞ்சிய தன்னார்வலர்கள், அதே ஆண்டு செப்டம்பரில் மூலநிரலை எடுத்துக்கொண்டு லிப்ரே ஆபிஸ் என்று தனிக்குடித்தனம் போனார்கள். பயனர்கள் ஒரு கோப்பைக்கூட இழக்க வேண்டியிருக்கவில்லை, ஏனெனில் ஓப்பன் டாக்குமெண்ட் என்னும் அந்தக் கோப்பு வடிவம் 2006-இலேயே ஐ.எஸ்.ஓ. தரமாகிவிட்டது. முதலாளி மாறினார், பாடம் பிழைத்தது.

எதிர்ப்புரைகள்

“மாணவர்கள் நாளை வேலைக்குப் போனால் விண்டோஸும் வேர்டும்தானே கேட்பார்கள்?” பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இன்று ஏழு வயதுப் பிள்ளை வேலைக்குப் போகப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். 2007-ஆம் ஆண்டுப் பதிப்பில் வேர்டின் பட்டியல்கள் எல்லாம் மறைந்து பட்டைகளாக மாறியபோது, பல்லாண்டு பழகியவர்களே ‘அச்சிடு’ எங்கே என்று தேடினார்கள். பொத்தானின் இடத்தைக் கற்பிப்பது பள்ளியின் வேலை அன்று. பத்தி பிரிப்பதும், தலைப்பு இடுவதும், கோப்புக்கு ஒழுங்காகப் பெயர் வைப்பதும் எந்த மென்பொருளிலும் ஒன்றுதான்.

“மியூனிக் நகரமே லினக்ஸை விட்டு ஓடிவந்துவிட்டதே!” என்றார் ஒரு நண்பர். உண்மை. செருமனியின் மியூனிக் நகர மன்றம் ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றி, 2013-இல் பணியை முடித்து, 2017-இல் மீண்டும் விண்டோஸுக்குத் திரும்ப முடிவு செய்தது. நிருவாகக் குறையா, அரசியலா என்று இன்றுவரை வழக்காடுகிறார்கள். நான் அதில் காண்பது வேறொன்று. திறமூலத்திலிருந்து வெளியேற நினைத்தவர்களை எவரும் பிடித்து வைக்கவில்லை. கதவு திறந்தே இருந்தது. பூட்டிய பக்கத்திலிருந்து வெளியேற நினைப்பவர்களின் பாட்டைத்தான் மேலே பிஸ்கட் தகரத்தில் பார்த்தோம்.

வெற்றிக்கு வெகுதூரம் போக வேண்டாம். கேரளப் பள்ளிகளில் இருபது ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருள்தான். 2019-இல் அங்கே இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்குப் புதிய லினக்ஸ் பதிப்பை ஆயத்தம் செய்தபோது, 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று அறிவித்தார்கள். அத்தொகையைவிட என்னைக் கவர்ந்தது, ஆசிரியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி அளித்த முறைதான். நம் நாட்டிலும் 2004-இல் பொதுத்துறைக்கான திறமூல மென்பொருள் பெருந்திட்டத்தை மம்பு வெளியிட்டது. திட்டம் பேசப்பட்ட அளவுக்குப் பள்ளிகளில் வேர் பிடிக்கவில்லை. பயிற்சி இல்லாமல் குறுவட்டு மட்டும் கொடுத்தால் எந்த மென்பொருளும் அலமாரியில்தான் உறங்கும்.

உண்மையிலேயே வலுவான எதிர்ப்பு ஒன்று உண்டு. மதிப்பீட்டுப் பதிவுகளுக்காக நமக்கு வரும் எக்செல் கோப்புகள் சில, உள்ளே மேக்ரோ நிரல்களோடு வருகின்றன. லிப்ரே ஆபிஸில் அவை பல வேளைகளில் சரியாக இயங்குவதில்லை. இதை மூடி மறைத்துப் பயனில்லை. அலுவலகத்திலும் ஆசிரியர் அறையிலும் ஒன்றிரண்டு கணினிகளை விண்டோஸிலேயே வைத்துக்கொள்வதுதான் இப்போதைக்கு வழி. மற்ற பதிவுகள் பெரும்பாலும் உலாவி வழியாகவே நடக்கின்றன. உலாவிக்கு இயங்குதளம் எதுவாயினும் ஒன்றுதான்.

நாங்கள் முதலில் மூன்று கணினிகளில் மட்டும் செய்து பார்த்தோம். அவை சங்கம் தன் பணத்தில் வாங்கியவை. அமைச்சு வழங்கிய கணினிகளில் நாமாகக் கைவைக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு திண்மநிலை வட்டு வாங்க 130 ரிங்கிட் செலவு. லினக்ஸ் மின்ட் பதிந்தோம். நான்கு கிகாபைட் நினைவகத்தில் தடுமாறாமல் ஓடுகிறது. தமிழ்99 விசைப்பலகையும் ஒலியியல் முறை விசைப்பலகையும் அதில் கிடைக்கின்றன. நோட்டோ, லோகித் போன்ற திறந்த உரிம எழுத்துருக்களில் அச்சிட்ட பயிற்சித்தாளை ஒரு தாயாரும் வேறுபாடு கண்டு கேட்கவில்லை. மாணவர்களோ விளையாட்டு எங்கே இருக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். (அதில் மட்டும் அவர்களுக்குப் பயிற்சியே தேவைப்படுவதில்லை.) ஒரு குறை: பழைய அச்சுப்பொறி ஒன்று இணங்க மறுத்தது. அதற்குரிய இயக்கி கிடைக்கவில்லை, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பெற்றோர்களிடம் என் வேண்டுகோள். அடுத்த முறை எந்த மென்பொருளுக்காகவோ தளத்துக்காகவோ சங்கத்தில் பணம் கேட்கப்படும்போது, விலையை மட்டும் கேளாதீர்கள். “இதை நிறுத்திவிட்டால் எங்கள் ஆசிரியர்கள் செய்த பாடங்கள் எந்த வடிவில் எங்கள் கைக்கு வரும்?” என்று கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள். ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்பது பதில் அன்று.

ஆசிரியர்களுக்கு ஒரு வேலை. வரும் பள்ளி விடுமுறையின் முதல் இரண்டு நாள்களில் எங்கள் பள்ளிக் கணினிக்கூடத்தில் பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் பணியை வைத்திருக்கிறோம். அண்டைப் பள்ளி ஆசிரியர்களும் வரலாம். நெகிழ்வட்டு, குறுவட்டு, விரலி எதுவாயினும் கொண்டுவாருங்கள். நெகிழ்வட்டு படிக்கும் கருவி ஒன்று இரவல் வாங்கியாகிவிட்டது. எந்த எழுத்துருவில் தட்டெழுதினீர்கள் என்பது நினைவிருந்தால் எழுதிக்கொண்டு வாருங்கள். நினைவில்லாவிட்டால், அதே பயிற்சித்தாளின் பழைய அச்சுப்படி ஒன்றேனும் தேடி எடுத்து வாருங்கள், மஞ்சளாகிப் போயிருந்தாலும் பரவாயில்லை.